மழை எங்கே விழுந்தது?

நெல்லைச் சீமையில் வெள்ளம் என்று பேச்சு வந்தாலே அடுத்து வரும் கேள்வி, "பாபநாசத்துல எவ்வளவு தொறந்திருக்காங்க?" என்பதுதான். டீக்கடையிலும் கேட்பார்கள், அதிகாரிகள் கூட்டத்திலும் கேட்பார்கள். கேட்பதில் நியாயம் உண்டு. பொதிகை மலையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் கலக்கும் வரை தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். தலைமாட்டில் ஆயிரத்து எண்ணூறு மீட்டருக்கு மேல் நிற்கும் மலை. மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து பக்கம் கொட்டுகிற மழை அணைகளைக் கடந்து திருநெல்வேலிக்கு வர ஒரு முழு நாள் வேண்டாம். அதனால் வெள்ளத்தைக் கண்காணிப்பவர்கள் எல்லோரும் மேற்கே பார்த்தே பழகியிருந்தோம். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி என்ற மூன்று அணைகளின் முழு மட்டமும் இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் இந்த வேலைக்கு வந்தபோது எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அந்த முறைதான். அணையிலிருந்து எவ்வளவு வெளியேறுகிறது, கடனாநதியும் பச்சையாறும் எவ்வளவு சேர்க்கின்றன, சீவலப்பேரியில் சித்தாறு வந்து சேரும்போது மொத்தம் என்ன ஆகிறது என்று கூட்டிக்கொண்டே போக வேண்டும். கடைசியில் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு எத்தனை மணிக்கு எத்தனை கன அடி வரும் என்று சொல்லிவிடலாம். பல ஆண்டுகள் அந்தக் கணக்கு நன்றாகவே நடந்தது. அது எந்த மாதிரி வெள்ளத்துக்குப் பொருந்தும், எந்த மாதிரி வெள்ளத்துக்குப் பொருந்தாது என்பது களத்தில் நின்று பார்த்தவர்களுக்கு மெல்ல மெல்லத் தெரிந்த விஷயம். புத்தகத்தில் ஒரு வரியாக இருக்கும். அது மனதில் பதிய பல மழைக்காலங்கள் ஆயின.

முதலில் அளப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். "ஆற்றில் 50,000 கன அடி போகிறது" என்று செய்தியில் படிக்கும்போது யாரோ அதை அளந்து சொல்கிறார்கள் என்று மக்கள் நினைப்பார்கள். உண்மையில் வெள்ள நாளில் அளக்கப்படுவது நீர்மட்டம் மட்டுமே. கரையில் நட்டு வைத்த கேஜ் பலகையைப் பார்த்து, மட்டம் இவ்வளவு என்றால் நீர் இவ்வளவு என்று ஒரு வளைகோட்டிலிருந்து எடுத்துச் சொல்கிறோம். அந்த வளைகோட்டை ஆறு சாதுவாக இருக்கும் நாட்களில் போட்டிருப்போம். பாலத்தின் மேலிருந்து கம்பி வடத்தில் கரண்ட் மீட்டரை இறக்குவோம். அதன் அடியில் மீன் வடிவத்தில் ஓர் ஈயக் குண்டு தொங்கும். மீட்டரை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகாமல் பிடிப்பது அதுதான். மேற்பரப்பிலிருந்து ஆழத்தில் பத்தில் ஆறு பங்கு இறக்கி நிறுத்தினால், அந்த இடத்து வேகம் ஏறத்தாழ அந்தச் செங்குத்துக் கோட்டின் சராசரி வேகமாக இருக்கும். கிண்ணங்கள் சுற்றுவதைக் காதில் மாட்டிய கருவியில் டிக், டிக் என்று எண்ண வேண்டும். கையில் ஸ்டாப்வாட்ச். ஒரு கரையிலிருந்து மறுகரை வரை இப்படியே நகர்ந்துகொண்டு போக வேண்டும்.

பெருவெள்ளத்தில் இது நடக்காது. வேரோடு பிடுங்கிய மரங்கள் வரும், வாழைத்தார் தார்களாக வரும், வைக்கோற்படப்பு அப்படியே மிதந்து வரும். மீட்டரை இறக்கினால் வடத்தோடு போய்விடும். ஆகவே யாரும் அளக்காத உயரத்துக்கு வளைகோட்டை நீட்டித்தான் எண்ணைச் சொல்கிறோம். மிகப்பெரிய வெள்ளத்துக்கான எண் எதுவானாலும் அதில் கணிப்பு கலந்திருக்கிறது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உலகம் முழுவதும் நிலைமை இதுதான். ஆனால் அந்த எண்ணை வைத்துப் பாலம் கட்டுகிறவருக்கும் வீட்டுமனைக்கு அனுமதி கொடுக்கிறவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலும் தெரிவதில்லை.

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு லஸ்கர் இருந்தார். அணைக்கட்டின் மணற்போக்கிகளைத் திறந்து மூடுவது அவர் வேலை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. நான் சேர்ந்த புதிதில் ஓர் ஐப்பசி மழையில் மேலணைகளில் திறப்பு எதுவும் இல்லாதபோது ஆறு ஏறத் தொடங்கியது. நான் தொலைபேசியில் மேலே கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் வந்து நின்றார்.

"சார், மேல கேட்டுப் பிரயோசனம் இல்ல. கலரப் பாருங்க. அணைத் தண்ணின்னா தெளிவா வரும். இது செவலா வருது, நுரை தள்ளுது. சித்தாத்துத் தண்ணி. கயத்தாறு பக்கம் பெய்ஞ்ச தண்ணியும் இதுல கெடக்கும். சாயங்காலத்துக்குள்ள இன்னும் ஏறும்."

ஏறியது. அணையில் தேங்கி வண்டல் படிந்த பிறகு வரும் நீருக்கு ஒரு நிறம், கரிசல் காட்டையும் செம்மண் காட்டையும் கழுவிக்கொண்டு நேரே வரும் நீருக்கு வேறு நிறம். அன்று முதல் கேஜ் புத்தகத்தில் மட்டத்துக்குப் பக்கத்தில் நிறத்தையும் எழுதச் சொன்னேன். படிவத்தில் அதற்குக் கட்டம் கிடையாது, ஓரத்தில்தான் எழுத வேண்டும். பிற்காலத்தில் பழைய வெள்ளங்களைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்தபோது, எது மலை வெள்ளம் எது காட்டு வெள்ளம் என்று அடையாளம் காட்டியது அந்த ஓரக் குறிப்புகள்தான். ஒரே கேஜ் மட்டம் காட்டிய இரண்டு வெள்ளங்கள், ஒன்று மேற்கிலிருந்தும் மற்றது வடக்கிலிருந்தும் வந்திருந்தன. வடிந்த நேரம் வேறு, சேதப்பட்ட ஊர்கள் வேறு.

மலை வெள்ளத்துக்கு நான் கண்ட பெரிய சான்று 1992 நவம்பர். தூத்துக்குடி அருகே கரை கடந்த புயல் மலையில் போய்க் கொட்டிவிட்டது. பாபநாசம் அடிவாரத்திலிருந்து திருநெல்வேலி வரை ஆற்றங்கரை ஊர்கள் அதில் பட்ட பாட்டை இன்றும் பேசுவார்கள். நெல்லையில் குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வருகிறது என்று தெரிந்தால் உற்சவரைக் கரையில் உள்ள மேலக்கோயிலுக்கு எழுந்தருளச் செய்துவிடுவார்கள். மூலவர் தண்ணீருக்குள் இருப்பார். வெள்ளம் மோதும் பக்கத்துச் சுவரைப் படகு மூக்கு போலக் கூராகக் கட்டியிருக்கிறார்கள். ஆற்றின் போக்கையும் வேகத்தையும் பார்த்துப் பழகிய கைதான் அப்படிக் கட்டியிருக்க முடியும். திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்தக் கோயில்தான் கேஜ். மண்டபத்தின் எந்த இடம் மூழ்கியது என்று சொன்னால் ஊரே வெள்ளத்தின் அளவைப் புரிந்துகொள்ளும். நானும் அந்த மண்டபத்தின் ஒவ்வொரு விளிம்புக்கும் கடல்மட்டத்திலிருந்து உயரம் எடுத்து வைத்தேன். பழைய ஆட்கள் சொல்லும் வெள்ளங்களை அதன் பிறகு மீட்டர் கணக்கில் எழுத முடிந்தது.

வெள்ளம் வடிந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை அடையாளம் எடுப்பது. ஒரு வாரம் தாமதித்தால் பாதி அழிந்துவிடும். வீட்டைக் கழுவிவிடுவார்கள், சுண்ணாம்பு அடித்துவிடுவார்கள். எல்லா அடையாளமும் ஒன்றல்ல. ஆற்றோட்டத்தை எதிர்த்து நின்ற மரத்தில் சிக்கிய செத்தை, உண்மையான மட்டத்தைவிட மேலே நிற்கும். வேகமாக வரும் நீர் தடையில் மோதும்போது எழும்பி விழும், செத்தை அந்த உயரத்தில் மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குள், அதுவும் பின்கட்டில், ஓட்டமில்லாமல் நீர் தேங்கி நின்ற அறையின் சுவரில் ஒரு மெல்லிய சேற்றுக்கோடு இருக்கும். நான் நம்புவது அதைத்தான். பீரோவின் பின்பக்கத்தில், அரிசிப் பானை இருந்த மூலையில், கதவின் உட்புறத்தில் தேடுவேன். கோடு இரண்டு மூன்று இருந்தால் மேலே உள்ளதுதான் உச்சம்; கீழே உள்ளவை நீர் வடியும்போது நின்று நின்று இறங்கிய இடங்கள்.

ஆட்களிடம் கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. "எத்தனை அடி வந்தது?" என்று கேட்கக் கூடாது. அடிக்கணக்கு ஆளுக்கு ஆள் மாறும், பயமும் அதில் சேர்ந்துகொள்ளும். "எந்தப் படி வரை வந்தது? அடுப்பு மேடை நனைந்ததா? சுவிட்சு போர்டுக்குக் கீழா மேலா?" என்று கேட்டால் பதில் கல்லில் எழுதினதுபோல் வரும். பெண்களிடம் கேட்பது எப்போதும் நல்லது. வீட்டில் எதை எடுத்து எங்கே ஏற்றி வைத்தோம் என்பது அவர்களுக்கு நேரத்தோடு ஞாபகம் இருக்கும். "விளக்கு வைக்கிற நேரத்துல வாசல்ல வந்துட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குள்ள அடுப்பு அணைஞ்சு போச்சு" என்று ஓர் ஆச்சி சொன்னால், நீர் ஏறிய வேகமே கிடைத்துவிடுகிறது. எந்தக் கருவியும் இல்லாத ஊரில் ஒரு வெள்ளத்தின் ஏற்ற வேகத்தைப் பெற எனக்குத் தெரிந்து வேறு வழி இல்லை.

தொண்ணூறுகளுக்குப் பிறகு ஆறே மாறத் தொடங்கியது. மணல் போனது. லாரி லாரியாகப் போனதை எல்லோரும் பார்த்தார்கள். வெள்ளக் கணக்கில் அது என்ன செய்தது என்பது எங்களுக்குத்தான் கண்ணில் பட்டது. படுகை இறங்கினால், கேஜில் அதே மட்டம் காட்டும்போது அதற்குக் கீழே முன்னைவிட அதிக நீர் போகிறது என்று பொருள். பழைய வளைகோடு பொய் சொல்லத் தொடங்கும். ஓர் இடத்தில் வளைகோட்டைத் திருத்தி முடிப்பதற்குள் படுகை மறுபடி இறங்கியிருக்கும். பாலத் தூண்களின் அஸ்திவாரம் வெளியே தெரிய ஆரம்பித்தது. கோடையில் கால்வாய்த் தலைகளுக்கு நீர் ஏற மறுத்தது. 2010இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. வழக்குத் தொடுத்து நீதிமன்றத்தில் வாதாடியவர் முதுபெரும் பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு. ஆற்றை அளக்கும் தொழிலில் இருந்த எனக்கு அந்தத் தீர்ப்பு, எங்கள் கையில் இருந்த எண்களைக் காப்பாற்ற வந்த தீர்ப்பாகவே பட்டது.

படுகை இறங்கியதால் வெள்ளம் குறையும் என்று நினைப்பவர்கள் உண்டு. மணல் போன பள்ளத்திலும் மேட்டிலும் சீமைக்கருவேலம் முளைத்தது, ஓட்டம் குறைந்த இடங்களில் அமலைச்செடி மூடியது. ஆறு ஓடும் பாதை சொரசொரப்பானால் அதே அளவு நீர் போக அதிக உயரம் வேண்டும். ஸ்ரீவைகுண்டத்துக்கு மேலேயும் கீழேயும் ஆற்றுக்குள் காடாக நின்ற கருவேலத்தைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். எங்கள் கணக்கில் இந்தச் சொரசொரப்புக்கு ஓர் எண் கொடுக்க வேண்டும். சுத்தமான மணல் ஆற்றுக்கு ஒன்று, புதர் அடைந்த ஆற்றுக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த ஓர் எண்ணை மாற்றினால் வெள்ள மட்டம் பல அடி மாறிவிடும். மேசையில் உட்கார்ந்து அந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கும் இளம் பொறியாளர் ஒரு முறையாவது அந்தப் புதருக்குள் நடந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கணினி வந்தபோது எங்கள் வேலையின் முகம் மாறியது. வாரக்கணக்கில் கையால் போட்ட கணக்கை ஹெக்-ராஸ் என்ற கணினி மாதிரியில் நிமிடங்களில் ஓட்ட முடிந்தது. வரைபடத்தில் நீலம் பரவுவதைப் பார்த்தால் யாருக்கும் நம்பிக்கை வரும். ஆனால் அதற்குக் கொடுக்கும் நில உயரம் பெரும்பாலும் செயற்கைக்கோள் எடுத்தது. அதில் சில மீட்டர் பிழை சாதாரணம். அம்பாசமுத்திரம் பக்கம் அது பெரிதாகப் பாதிக்காது, சரிவு அதிகம். ஸ்ரீவைகுண்டத்தைத் தாண்டினால் ஏரல், ஆத்தூர், முக்காணி வரை நிலம் தட்டை. அங்கே மூன்று மீட்டர் பிழை என்றால் ஒரு வட்டாரமே மூழ்கும் அல்லது தப்பிக்கும். பனைமர உச்சியைத் தரை என்று எடுத்துக்கொண்ட வரைபடங்களை நான் பார்த்திருக்கிறேன். ரயில் பாதை மேடு, நான்குவழிச் சாலை மேடு, குளத்தங்கரை இவை மூன்றும்தான் கீழ்ப்பகுதியில் வெள்ளத்தைத் திருப்புகிறவை. அகலம் குறைவு என்பதால் அவை அந்த வரைபடத்தில் தெரிவதே இல்லை. லெவல் கருவியைத் தூக்கிக்கொண்டு கரை மேல் நடந்து எடுத்தால்தான் உண்டு.

நூறாண்டு வெள்ளம் என்ற பேச்சும் அப்போதுதான் பரவலானது. கேட்பவர்கள் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் என்று எடுத்துக்கொண்டு, போன வெள்ளத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். எந்த ஆண்டிலும் வர நூற்றில் ஒரு வாய்ப்பு உள்ள வெள்ளம் அது. முப்பது ஆண்டு வீட்டுக்கடன் கட்டி முடிப்பதற்குள் அப்படி ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நாலில் ஒன்று. வீடு கட்டப்போகிறவரிடம் இந்த முறையில் சொன்னால் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

இனி குளங்கள். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள், பதினொரு கால்வாய்கள். கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், கடைசியாக ஆங்கிலேயர் காலத்தில் கட்டிய ஸ்ரீவைகுண்டம். சுமார் 86,000 ஏக்கர் இவற்றை நம்பியிருக்கிறது. கீழே போகப் போக கால்வாய் நேரே வயலுக்குப் போகாமல் குளத்துக்குப் போகும். ஒரு குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு நீர். ஸ்ரீவைகுண்டம் தென்கால் குளங்கள் அப்படித் திருச்செந்தூர் திசையில் சங்கிலியாகப் போகின்றன. கடம்பாகுளம் அதில் பெரியது. வடகால் போய் முடிவது தூத்துக்குடிக்கு வெளியே கோரம்பள்ளம் குளத்தில். அந்தக் குளத்துக்கு ஆற்று நீர் ஒரு வரத்து, மேற்கே மானாவாரிக் காட்டிலிருந்து ஓடைகளில் வருவது இன்னொரு வரத்து. அது மிஞ்சினால் உப்பாற்று ஓடை வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். வழியில் ஊர் வளர்ந்திருக்கிறது, உப்பளம் இருக்கிறது.

பாசனப் பிரிவுக்குக் குளம் என்றால் எத்தனை ஏக்கர், எத்தனை மடை. வெள்ளப் பிரிவுக்குக் குளம் கணக்கிலேயே வராது, ஆறுதான் கணக்கு. சங்கிலியின் மேல் குளம் உடைந்தால் கீழே உள்ளவை ஒவ்வொன்றும் தன் சொந்த மழையையும் மேலே உடைந்து வந்ததையும் சேர்த்துத் தாங்க வேண்டும். மறுகாலின் அகலத்தைக் கட்டிய காலத்தில் யாரோ யோசித்துத்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு அதில் பலகை போட்டு உயர்த்தியதும், மறுகால் ஓடையை வயலாக்கியதும், அதன் குறுக்கே சின்னக் குழாய் வைத்துச் சாலை போட்டதும் நடந்தன. தொண்ணூறுகளின் இறுதியில் நான் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் மறுகால் ஓடைகளைக் கடைசி வரை நடந்து பார்த்தேன். வரைபடத்தில் கோடாக இருந்தவை பல இடங்களில் வாழைத்தோட்டமாக இருந்தன. அறிக்கையில் எழுதினேன். ஆற்று வெள்ளத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மேசைக்கு மேசை அந்த அறிக்கை திரும்பி வந்தது.

2023 டிசம்பர் 17, 18ஆம் தேதிகள் அந்தக் கேள்விக்குப் பதில் கொடுத்தன. அது புயல்கூட இல்லை, குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சி. நகராமல் நின்று பெய்தது. 18ஆம் தேதி காலை எட்டரை மணி வரையிலான 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே காயல்பட்டினத்தில் அன்று பெய்ததைவிடக் குறைவு. மலையிலும் கனமழைதான், அணைகளும் திறந்தன, நெல்லையில் கொக்கிரகுளமும் மீனாட்சிபுரமும் சந்திப்புப் பேருந்து நிலையமும் மூழ்கின. ஆனால் உச்சமான மழை விழுந்த இடம் ஆற்றின் வாய்ப்பகுதி. அணை இல்லாத இடம், மலையிலிருந்து வரும் முன்னறிவிப்பு எதற்கும் பயன்படாத இடம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் அன்று என்ன நடந்தது என்று தெரியும். 100 சதுர கிலோமீட்டரில் 60 சென்டிமீட்டர் மழை பெய்தால், அது ஒரு நாள் முழுக்கச் சராசரியாக வினாடிக்கு 24,500 கன அடி நீருக்குச் சமம். இதே மழை 260 சதுர கிலோமீட்டரில் பெய்தால் 5.5 டிஎம்சி, அதாவது ஒரு பாபநாசம் அணையின் முழுக் கொள்ளளவு. ஒரு பங்கு மண்ணுக்குள் போனாலும் மீதிக்கு வழி வேண்டும். அந்த வழியில்தான் குளங்களும் வாழைத்தோட்டங்களும் சாலை மேடுகளும் நின்றன. குளங்கள் ஒன்றையடுத்து ஒன்று உடைந்தன. சாத்தான்குளம், திருச்செந்தூர் பக்கத்துத் தேரி மணல் எவ்வளவு மழையையும் குடித்துவிடும் என்பது எங்கள் பகுதியின் நம்பிக்கை. அதனால் தேரியின் ஓரத்தில் வடிகால் என்று யாரும் யோசித்ததில்லை. அன்று அந்த மணலும் குடித்துத் தீராத மழை. கோரம்பள்ளத்தில் கரை உடைந்து தூத்துக்குடிக்குள் நீர் போனது. முத்தம்மாள் காலனி போன்ற இடங்களில் நாள்கணக்கில் வடியவில்லை. தூத்துக்குடி நகரத்தை மூழ்கடித்ததில் பெரும்பங்கு தாமிரபரணியின் கரையைத் தாண்டி வந்த நீர் அல்ல என்பதை வெளியூர்ப் பத்திரிகையாளர்களுக்கு விளக்குவதே பெரும்பாடாக இருந்தது.

அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் செய்துங்கநல்லூர் திசையில் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த ஜல்லியையும் மண்ணையும் வெள்ளம் அரித்துக்கொண்டு போய்விட்டது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. நூற்றுக்கணக்கான பயணிகளுக்குப் பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள் சோறு பொங்கிக் கொடுத்தார்கள். என் தொழில் கண்ணோடு பார்த்தால் அங்கே இன்னொரு பாடமும் இருக்கிறது. ரயில் மேட்டின் ஒரு பக்கம் நீர் ஏறி நிற்க, மறுபக்கம் தாழ்ந்திருக்க, அந்த வித்தியாசம்தான் மேட்டை அறுத்தது. அந்த மேடு அறுபடும் வரை மேற்குப் பக்கத்து வயல்களுக்கு அதுவே அணையாக நின்றது. மாதிரியில் அந்த மேட்டைச் சரியாகப் போட்டிருந்தால் எந்த ஊர் எத்தனை மணி நேரம் மூழ்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

நீர் வடிந்ததும் ஒரு கல்லூரிக் குழு அடையாளம் எடுக்கக் கிளம்பியது, என்னையும் கூப்பிட்டார்கள். ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தாலும் லெவல் கருவியைத் தொட்டதும் கை தானாகவே வேலை செய்தது. ஏரல் கடைவீதியில் ஷட்டர்கள் வளைந்து கிடந்தன, ஜவுளிக்கடை வாசலில் சேற்றில் ஊறிய துணி மலையாகக் குவிந்திருந்தது, ஆற்றுப் பாலத்தை ஒட்டிய சாலை அடித்துக்கொண்டு போயிருந்தது. உள்தெருவில் ஒரு பழைய வீட்டில் ஆச்சி ஒருவர் சுவரைக் காட்டினார்.

"எய்யா, தொண்ணூத்திரெண்டுல ரெண்டாம் படியோட நின்னுட்டு. இந்தத் தடவை சாமி படமெல்லாம் நனைஞ்சுட்டு. ஆத்துப் பக்கமிருந்து வரும்னுதான் வாசலப் பாத்துக்கிட்டு இருந்தோம். மொதல்ல பின்வாசல் வழியா வந்துட்டு, குளத்துத் தண்ணி."

இப்படிப் பெண்கள் சொன்ன நேரங்களை ஊர்ஊராக வரைபடத்தில் குறித்தபோது, வெள்ளம் பல இடங்களில் ஆற்றை நோக்கிப் போயிருப்பது தெரிந்தது. குளத்து நீர் முதலில் வந்து ஊரை நிரப்பியது, ஆறு அதற்குப் பிறகு ஏறி அதை வடியவிடாமல் நிறுத்தியது. இரண்டுக்கும் இடையில் சில மணி நேரம் இருந்திருக்கிறது. ஆட்களை மேட்டுக்கு ஏற்ற அந்த நேரம் போதும். ஆற்று மட்டத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மணிநேரங்கள் கண்ணிலேயே படாது.

புன்னக்காயலில் மீனவர்களிடம் கடலைப் பற்றிக் கேட்டோம். அமாவாசை கழிந்து ஐந்து நாள் ஆகியிருந்ததால் கடலின் ஏற்றம் பெரிதாக இல்லை என்றார்கள். பஞ்சாங்கத்தில் பார்த்தால் அதுதான் சரி. மன்னார் வளைகுடாவில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கு உள்ளேதான் இருக்கும். ஆனாலும் முகத்துவாரத்தை ஒட்டிய தட்டை நிலத்தில் ஓர் அடிகூடக் கணக்கில் வரும். பௌர்ணமியோ அமாவாசையோ சேர்ந்து, வடகிழக்குக் காற்றும் கடலைக் கரைமேல் தள்ளிக்கொண்டிருந்தால் வடிய எடுத்த நாட்கள் இன்னும் கூடியிருக்கும். இனி வரப்போகும் ஆய்வுகளில் இதைத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அந்தக் கல்லூரிப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறேன். அதைவிட அவசரமான வேலைகளும் இருக்கின்றன. கீழ்ப்பகுதியில் குளத்துக்குக் குளம் தானியங்கி மழைமானியும் மட்டக்கருவியும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு சின்னப் பாலத்தின் செலவுகூட வராது. மறுகால் ஓடைகள் எங்கே முடிகின்றன என்று நடந்து பார்த்த வரைபடம் வேண்டும். மேல் குளம் உடையப்போகிறது என்றால் கீழ்க்குளத்துக்காரருக்குத் தகவல் சொல்லும் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் இருக்க வேண்டும். இன்று அது ஊர்ப் பெரியவர்களின் செல்போனில் இருக்கிறது.

ஏரலில் எடுத்த அடையாளங்களைச் சாயத்தில் எழுதாமல், கருங்கல்லில் வெட்டிப் பதிக்கச் சொல்லி இரண்டு இடங்களில் செய்தும் விட்டோம். கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, குளத்து நீர் வந்த நேரம், ஆற்று நீர் வந்த நேரம் நான்கும் அதில் இருக்கின்றன. கல் பதித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மனைக்காரர் ஒருவர் வந்து, புதுவீட்டுக்கு அஸ்திவாரம் எவ்வளவு தூக்கலாம் என்று கேட்டார். கோட்டுக்கு மேலே இரண்டு அடி வரும்படி தரையைப் போடுங்கள், கட்டுப்படியாகாவிட்டால் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே வைத்து மேலே ஓர் அறையாவது கட்டுங்கள், மீட்டர் பெட்டியை அந்த அறை உயரத்துக்கு ஏற்றிவிடுங்கள் என்றேன். மேஸ்திரியைக் கூப்பிட்டு கல்லில் இருந்த கோட்டுக்கு நேராக அளவுநூலைப் பிடிக்கச் சொன்னார்.